கடல் கண்ணாடி நகை: உடைந்த பாட்டில் சில்லில் அப்படி என்ன இருக்கிறது?

அலைநுரை (கேள்வி):
பிறந்தநாளுக்கு அக்கா ஒரு டாலர் கொடுத்தாள். கட்டைவிரல் நகம் அளவில் வெளிர்பச்சைக் கண்ணாடி, சுற்றி வெள்ளிக் கம்பி. முதலில் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்துக் கழுவினேன். ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருந்தது. துடைத்து வைத்தால் ஐந்தே நிமிடத்தில் பழையபடி புகை மூட்டம்! அப்புறம்தான் சொன்னாள், இது கடலில் உருண்டு கரைக்கு வந்த கண்ணாடியாம்.

ஒரு வாரமாகக் கழுத்தை விட்டுக் கழற்றவில்லை. கல் வைத்த மோதிரம் பெட்டியில் தூங்குகிறது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "உடைந்த சோடா பாட்டிலைப் போய் யாராவது கழுத்தில் மாட்டுவார்களா?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. இதைச் செய்பவர்கள், அணிபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இதில் என்னதான் இருக்கிறது? இது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண்ணெய் தடவினால் அந்த ஈரப் பளபளப்பு நிற்குமா?

கம்பிச்சுருள்:
எட்டு வருடமாக இந்த நகைகள் செய்கிறேன். முதலில் எண்ணெய்: தடவாதீர்கள். இரண்டு நாள் அழகாக இருக்கும், அப்புறம் திட்டுத்திட்டாக அழுக்குப் பிடிக்கும். அந்தப் புகை மூட்டம்தான் சரக்கே. கடல்நீர் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடாவையும் சுண்ணாம்பையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். மணலும் கூழாங்கல்லும் மோதி மோதி முனைகளை மழுக்கும். நன்றாக ஊறிய ஒரு துண்டு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், அது பாட்டில் சில்லுதான். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ஒவ்வொரு துண்டும் எந்தப் பாட்டிலின் எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். விளக்குக்கு எதிரே பிடித்தால் வளைவு தெரியும். லேசான வளைவு என்றால் பாட்டிலின் வயிறு, சட்டென்று தடித்தால் அடிப்பக்கம், உருண்டையாக உதடு மாதிரி இருந்தால் வாய். ஒருமுறை பழுப்புத் துண்டு ஒன்றில் பாதி எழுத்து மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. அது R-ஆ B-ஆ என்று இன்றுவரை முடிவாகவில்லை. அதை விற்கவும் மனம் வரவில்லை.

நிறமும் கதை சொல்லும். பச்சை, பழுப்பு, வெள்ளை சாதாரணம். அதிகம் புழங்கிய பாட்டில்கள் அந்த நிறங்களில்தான் இருந்தன. கருநீலம் பெரும்பாலும் பழைய மருந்துப் பாட்டில். சிவப்பு கிடைத்தால் அன்று திருவிழா: அந்த நிறத்துக்குப் பெரும்பாலும் தங்கமோ செலினியமோ சேர்க்க வேண்டியிருந்தது, அதனால் சிவப்புக் கண்ணாடியைக் குறைவாகத்தான் செய்தார்கள். எனக்கு ஆச்சரியம் வெளிர் ஊதாதான். செய்தபோது அது நிறமில்லாத கண்ணாடி. மணலில் இருக்கும் இரும்பின் பச்சைச் சாயல் தெரியாமல் இருக்க மாங்கனீசு சேர்த்தார்கள். வெயில் பட்டுப் பட்டு அது ஊதாவாகிவிட்டது.

அசலா என்று பார்க்க ஒரு லென்ஸ் போதும். மேற்பரப்பில் பிறை நிலா மாதிரி குட்டிக் குட்டித் தழும்புகள் தெரிய வேண்டும், அதுவும் ஒரே சீராக இருக்கக் கூடாது. சாணைத்தூளோடு இயந்திர உருளையில் போட்டு உருட்டியதும் அமிலத்தில் முக்கி எடுத்ததும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும். போலி என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபமில்லை. சொல்லாமல் விற்பதுதான் எரிச்சல்.

கம்பி சுற்றியிருப்பது நல்லது. நானும் ஆரம்பத்தில் எல்லாவற்றிலும் ஓட்டை போட்டேன். ஒருவர் அம்மாவின் ஞாபகமாக வைத்திருந்த நீலத் துண்டை நம்பிக் கொடுத்தார். வைர முனை டிரில்தான், ஆனால் அவசரத்தில் தண்ணீரில் முக்காமல் துளைத்தேன். சூடேறி 'டக்' என்று ஒரு சத்தம், கையில் இரண்டு துண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போது கம்பி சுற்றுவேன், அல்லது ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளித் தகடு கட்டுவேன். பின்பக்கத்தை மூடவே மாட்டேன். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் கண்ணாடி செத்துப்போகும்.

நண்டுப்பிடி:
இணையத்தில் ஒரு கைச்சங்கிலி வாங்கி ஏமாந்தவன் நான். இருபது துண்டும் ஒரே அளவு, ஒரே நீலம். கடல் என்ன அச்சு வைத்தா வார்க்கிறது? மேலே சொன்ன பிறைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. மகள் போட்டுக்கொள்கிறாள், அவளுக்குப் பிடித்திருக்கிறது. சரி, போகட்டும்.

உப்புக்காற்று:
இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சீஹம் என்று ஓர் ஊர். அங்கே 1850-களில் தொடங்கி 1921 வரை பெரிய பாட்டில் தொழிற்சாலை ஒன்று நடந்தது. மிஞ்சிய கண்ணாடியைக் கடலில் கொட்டினார்கள். அதனால் இரண்டு மூன்று நிறம் ஒன்றோடொன்று கலந்த துண்டுகள் அங்கே இன்னும் ஒதுங்குகின்றன. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் 1967 வரை ஊர்க் குப்பையைக் கொட்டிய கரைக்கு இப்போது 'கண்ணாடிக் கடற்கரை' என்றே பெயர். பூங்காவுக்குள் இருக்கும் பகுதியில் பொறுக்க அனுமதி இல்லை. குப்பைக்குக் காவல் போட்ட கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்!

பாட்டில்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காக மாறிவிட்டதால் நல்ல துண்டுகளின் வரத்தும் குறைகிறது. கிடைத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலைநுரை:
எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பிறைத் தழும்புகள் இருக்கின்றன! ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. உள்ளே கடுகளவு காற்றுக்குமிழி ஒன்றும் சிக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு பத்து நிமிடம் தரவில்லை. "வயிறு இல்லை, கழுத்துப் பக்கம்" என்று தீர்ப்பு வேறு.

இதே பச்சையில் காதுக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்று அக்காவிடம் கேட்டேன். "ஒன்று இருக்கிறது. இன்னொன்றை நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.