பேட்டரி போய்விட்டது: நாலாயிரம் கொடுத்துப் புதுசா, நூற்றைம்பது கொடுத்து சார்ஜா?

மாதக்கடைசி:
திருச்சியில் இருக்கிறேன். சின்ன பெட்ரோல் கார், மேனுவல் கியர், 35 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, போட்டு மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஊர்த் திருவிழா என்று குடும்பத்தோடு கிளம்பி இரண்டு வாரம் கழித்து வந்தால் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்கெல்லாம் மங்குகிறது, உள்ளே டக்டக்டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் "பேட்டரி போச்சு சார், புதுசு போட்ருங்க" என்றார். கடையில் 4,300 சொல்கிறார்கள், பழையதைக் கொடுத்தால் 600 கழிப்பார்களாம். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய மாதம் இது. சார்ஜ் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்ட வழி இருக்கிறதா, இல்லை மெக்கானிக் சொல்வதுதான் சரியா?

மல்டிமீட்டர்:
எதையும் அளக்காமல் அவர் எப்படிச் சொன்னார் என்று கேட்டீர்களா? சார்ஜ் இறங்கிய பேட்டரியும் டக்டக் என்றுதான் சத்தம் போடும், டெர்மினல் லூசாக இருந்தாலும் அதே சத்தம்தான். முதலில் இரண்டு டெர்மினலையும் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றி பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் கறுப்பு, மாட்டும்போது கடைசியில் கறுப்பு.

அப்புறம் முன்னூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வோல்ட் பாருங்கள். வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 10.5-ஐச் சுற்றியே நின்றால் உள்ளே இருக்கிற ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மெக்கானிக் சொன்னதைக் கேளுங்கள், அதுவரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

பேட்டரிக்கடை_ஈரோடு:
கடை வைத்திருப்பவன் என்பதால் என்னைத் திட்டத்தான் போகிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வருடம் நம் வெயிலில் பானெட்டுக்குள் வெந்த பேட்டரி அது. காலியான நிலையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும், அப்படிக் கெட்டியானதை சார்ஜர் கரைக்காது. நீங்கள் சார்ஜ் போட்டால் மீட்டரில் 12.6 அழகாகக் காட்டும். செல்ஃப் அடித்தால் அப்படியே உட்கார்ந்துவிடும். வோல்ட்டை மட்டும் பார்த்து நல்ல பேட்டரி என்று வீட்டுக்குப் போய் மறு வாரமே தள்ளிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சார்ஜுக்கு ஒரு தரம், ஆட்டோவுக்கு ஒரு தரம், திரும்பவும் சார்ஜுக்கு என்று காசைக் கொடுத்துவிட்டு கடைசியில் புதுசுதான் வாங்குகிறார்கள். விலையும் முன்பு மாதிரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது.

மல்டிமீட்டர்:
அண்ணே, வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும் என்று நான் சொல்லவே இல்லை. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் பரீட்சை. சார்ஜ் ஏறிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் நீங்கள் சொன்ன கதைதான், போகாவிட்டால் இன்னும் உயிர் இருக்கிறது. இதற்கு ஒரு ஆள் சாவியைத் திருப்ப, இன்னொரு ஆள் மீட்டரைப் பிடிக்க, அவ்வளவுதான் வேலை. இந்தப் பரீட்சையை உங்கள் கடையில் வாசலிலேயே செய்து காட்டிவிட்டுத்தான் புதுசு விற்கிறீர்களா என்று கேட்கலாமா?

பேட்டரிக்கடை_ஈரோடு:
கேட்கலாம் தம்பி. என் கடையில் பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டர் இருக்கிறது, காசு வாங்காமல்தான் பார்க்கிறேன். 35 ஏஎச் விற்று எனக்குக் கிடைப்பதை வைத்து ஒன்றும் பங்களா கட்டிவிட முடியாது.

ஹைவே_ராணி:
வோல்ட் கணக்கெல்லாம் இருக்கட்டும், வண்டி எங்கே நிற்கும் என்று யாராவது யோசித்தீர்களா? வீட்டு வாசலில் நின்றால் ஆட்டோ பிடித்துப் போகலாம். பிள்ளைகளைப் பின்சீட்டில் தூங்க வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு விராலிமலை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போது அந்த டக்டக் கேட்டால் அப்போது தெரியும் நாலாயிரம் பெரிய காசா சின்னக் காசா என்று. டோவிங்காரர் கேட்பது பேட்டரி விலையைவிட அதிகம். சந்தேகம் வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும், நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழையசோறு:
அக்கா, சந்தேகத்துக்கெல்லாம் மாற்ற ஆரம்பித்தால் என் வண்டியில் ஸ்டிக்கர் மட்டும்தான் பழசாக மிஞ்சும் 😀

மாதக்கடைசி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? அதுவும் 12 வோல்ட்தான், 150 ஏஎச் ட்யூபுலர், நம் கார் பேட்டரியைப் போல நாலு மடங்கு. கார் பேட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரில் மாட்டி ராத்திரி விட்டுவிடுங்கள், காலையில் ஃபுல். நூற்றைம்பது ரூபாய் சார்ஜ் கூலியும் மிச்சம். அதுவும் சரிப்படவில்லை என்றால் ரீகண்டிஷன் பேட்டரி 1,500-க்குக் கிடைக்கிறது. எதற்கு 4,300?

மல்டிமீட்டர்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்வெர்ட்டர் பெரிய பேட்டரிக்காகச் செய்தது, பல மாடல்களில் 10 முதல் 15 ஆம்பியர் வரை தள்ளும். 35 ஏஎச் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை ஆம்பியர் போதும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். 15 ஆம்பியரைத் தள்ளினால் பேட்டரி சூடாகித் தண்ணீர் கொதித்து ஹைட்ரஜன் கிளம்பும், அறைக் காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும் வெடிக்க. ஹாலில் ஷூ ராக்குக்குப் பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து ஜம்ப் மட்டும் கொடுப்பது, அதாவது கேபிள் மாட்டி அதன் பலத்தில் காரைக் கிளப்புவது என்றால் நடக்கும், கேபிள் தடிமனாக இருந்தால் கிளம்பிவிடும். ஆனால் அந்த பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல். மூன்றாவது மாடியில் இருக்கிறவர் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் மிச்சம் பிடித்த காசு இடுப்பு வலி எண்ணெய்க்குப் போய்விடும்.

பேட்டரிக்கடை_ஈரோடு:
ரீகண்டிஷன் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். பழைய பேட்டரியைத் திறந்து ஆசிடைக் கொட்டிக் கழுவி, போன செல்லை எடுத்துவிட்டு வேறொரு பழைய பேட்டரியின் செல்லை வைத்து, புது ஆசிட் ஊற்றி, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார்கள். ஆறு செல்லும் வெவ்வேறு வயது. பலவீனமான ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகும். வாரண்டி வாய்வார்த்தைதான். கொட்டிய ஆசிடும் ஈயமும் எந்தச் சாக்கடையில் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழையதைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு, கடையில் விலையில் கழிக்கிற அந்த 600 ரூபாயும் உள்ளே இருக்கிற ஈயத்துக்குத்தான்.

இன்னொன்று, தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். சிலர் ஆசிட் ஊற்றுகிறார்கள், சிலர் எப்சம் உப்பு போடச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். ஆசிட் ஊற்றினால் ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் நல்ல ரீடிங் வரும், தகடு சீக்கிரம் அரித்துப் போகும்.

கால்டாக்ஸி_மதுரை:
இத்தனை பேசுவதற்கு நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளியிருந்தால் கிளம்பியிருக்கும். மேனுவல் வண்டிதானே? சாவியை ஆன் பண்ணி, செகண்ட் கியர் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, வேகம் வந்ததும் சட்டென்று விட வேண்டும். கிளம்பியதும் ஆஃப் பண்ணாமல் அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி தானாக ஏறிவிடும். இதற்கு எதற்கு சார்ஜர்?

மல்டிமீட்டர்:
தள்ளுவது சரி, பேட்டரியில் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும், மீட்டர் விளக்கே எரியாத வண்டியைத் திண்டுக்கல் வரை தள்ளினாலும் கிளம்பாது. ஆட்டோமேட்டிக் கியரில் பேச்சுக்கே இடமில்லை.

அரை மணி நேரம் என்பதுதான் எல்லாரும் நம்புகிற கதை. ஒரு தடவை செல்ஃப் அடிக்க ஆகும் செலவு மிகக் குறைவு, இருநூறு ஆம்பியர் இரண்டு செகண்ட் என்று வைத்தாலும் 0.11 ஏஎச்தான் வருகிறது, அதை ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற கருவி) ஒன்றிரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் முழுக்கக் காலியான பேட்டரிக்கு முப்பது ஏஎச் பாக்கி. ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்று நின்று போகிற வண்டியில் அது எப்போது நிரம்பும்? ஆல்டர்னேட்டர் வேலை இருக்கிற சார்ஜைக் காப்பாற்றுவது. காலியானதை அதன் தலையில் கட்டினால் அதுவும் சூடாகும், அதன் விலை பேட்டரியைவிட அதிகம்.

கால்டாக்ஸி_மதுரை:
சரி சார், கணக்கு உங்களுக்கு. நாங்கள் நாள் முழுக்க ஓட்டுகிறோம், அதனால் எங்களுக்கு ஏறிவிடுகிறது போல. ஜம்ப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிவப்பு முதலில் பேட்டரி போன வண்டியின் பிளஸ்ஸில், அப்புறம் நல்ல வண்டியின் பிளஸ்ஸில், கறுப்பு நல்ல வண்டியின் மைனஸில், கடைசி முனையை மட்டும் போன பேட்டரியில் வைக்காமல் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடிக்க விடுங்கள். பொறி பேட்டரி பக்கத்தில் பறக்கக் கூடாது.

ஹைவே_ராணி:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள், ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்று ஒரு வரி இருந்தால் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், அதற்கான காசை ப்ரீமியத்திலேயே கட்டியிருப்பீர்கள். அதற்காகப் பழைய பேட்டரியை வைத்து ஓட்டலாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாதக்கடைசி:
சொன்னபடி பார்த்துவிட்டேன். முதலில் 11.6 காட்டியது. கடையில் மெதுவாக சார்ஜ் போட்டு வாங்கி ராத்திரி சும்மா வைத்து, காலையில் 12.5. செல்ஃப் அடித்தபோது 9.9 வரை இறங்கியது, வண்டி உடனே கிளம்பியது. ஓடும்போது 14.2. அப்போ பேட்டரி நல்லதுதானே?

மல்டிமீட்டர்:
ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருப்பதால் ஆல்டர்னேட்டரில் கோளாறு இல்லை. பேட்டரி கிழடு தட்டியிருக்கிறது, சாகவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று இடிக்கிறது. நிற்கிற வண்டி கடிகாரம், அலாரம், ஈசியூ என்று 50 மில்லி ஆம்பியர் வரை குடிக்கலாம், அது ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். இரண்டு வாரத்துக்கு 17 ஏஎச் போனாலும் பாதி மிச்சம் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு 11.6 வரை வற்றியிருக்கிறது. வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ், டேஷ்கேம் ஏதாவது இருக்கிறதா?

மைனஸ் டெர்மினலைக் கழற்றி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துப் பிடியுங்கள். கதவைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள், எல்லாம் தூங்கிய பிறகு வருகிற எண்தான் உண்மை. மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

மாதக்கடைசி:
90 மில்லி ஆம்பியர்! டேஷ்கேம் இருக்கிறது, போன வருடம் ஒரு ஆக்சஸரி கடையில் மாட்டியது. அதன் ஃப்யூஸை உருவினால் 30-க்கு இறங்குகிறது. வண்டி நிற்கும்போதும் பார்க்கிங்கில் காவல் காத்திருக்கிறது போல.

மல்டிமீட்டர்:
ஒரு நாளைக்கு 2 ஏஎச்சுக்கு மேல், இரண்டு வாரத்தில் 30 ஏஎச். புது பேட்டரி போட்டிருந்தாலும் அடுத்த திருவிழாவுக்கு இதே சத்தம்தான் கேட்டிருக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஃப்யூஸுக்கு அதை மாற்றச் சொல்லுங்கள். நீண்ட நாள் வெளியூர் போனால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள், கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேட்டரிக்கடை_ஈரோடு:
கோளாறைக் கண்டுபிடித்ததற்கு சபாஷ், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 9.9 என்பது கோடைக்கால 9.9. நம் வெயிலில் இன்ஜின் ஆயில் இளகி செல்ஃப் லேசாகச் சுற்றும்போதே இவ்வளவு இறங்குகிறது. மார்கழிக் காலையில் அது 9.6-க்கும் கீழே இறங்கிவிடும் என்று நான் எழுதியே தருகிறேன். ஒரு முறை அடிவரை காலியான பேட்டரி பழைய பலத்துக்கு வராது.

ஹைவே_ராணி:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பழையசோறு:
மார்கழிக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு அக்கா? நடுவில் தீபாவளி போனஸ் வருகிறதே.

மாதக்கடைசி:
போனஸ் வரும்வரை இதை வைத்து டவுனுக்குள் ஓட்டப் போகிறேன், ராத்திரி ஹைவே பயணம் கிடையாது. ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போடுகிறேன். ஆன்லைனில் 350-க்கு இருக்கிறதே, போதுமா?

பேட்டரிக்கடை_ஈரோடு:
போதாது. அந்த விலையில் வருவதெல்லாம் மேலே தடி ரப்பர், உள்ளே நூல் மாதிரி அலுமினியம், மேலுக்குச் செம்பு முலாம். அவசரத்துக்கு மாட்டினால் கேபிள்தான் சூடாகும், வண்டி கிளம்பாது. உள்ளே செம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தீபாவளிக்குப் புதுசு வாங்கும்போது பேட்டரி மேலே அச்சடித்திருக்கும் தயாரிப்பு மாதத்தைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள், ஆறு மாதம் ரேக்கில் கிடந்ததை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். வாரண்டி 60 மாதம் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதில் இலவசமாக மாற்றித் தருவது எத்தனை மாதம், விகிதப்படி கழிப்பது எத்தனை மாதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

மல்டிமீட்டர்:
கடைசிப் பதிவுக்கு மட்டும் என் லைக் 👍