நடைக்குக் கூலியாக அல்வாத் துண்டா?

பாளையங்கோட்டை அம்மா:
அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை நடக்க வைக்க ஒரு துண்டு அல்வாவைக் காட்டினால் போதும் என்று உடற்கல்வி ஆசிரியராக இருந்த அண்ணாச்சி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு, 15 வயது. இவர்களுக்குத் தசை தளர்ந்திருக்கும். தைராய்டு குறைபாடும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் எடை எளிதில் கூடிவிடும். சர்க்கரையும் நெய்யுமான ஒரு துண்டு, அரை மணி நேர நடையை வீணாக்கிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
முப்பது ஆண்டுகள் மைதானத்தில் நின்றவன் நான். மாற்றுத்திறனாளிகள் உட்பட 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியிருக்கிறது. பிள்ளை எழுந்திருக்கவே மறுத்தால் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? நான் சொன்னது ஒரு துண்டு.

பாளையங்கோட்டை அம்மா:
அந்த ஒரு துண்டைத்தான் நானும் சொல்கிறேன். முன்பு உங்கள் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு நாள் கடையில் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அதே கடை வாசலில், நெய் படிந்த நேற்றைய நினைவோடு உள்ளங்கையை நீட்டியபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். முக்கால் மணி நேரம் எழவில்லை.

மேலப்பாளையத்துக்காரர்:
எல்லாப் பிள்ளைகளும் ஒன்றல்ல. நடத்தைச் சிக்கலுக்காக என் மகள் சாப்பிடும் ரிஸ்பெரிடோன் மாத்திரையே பசியைத் தூண்டுகிறது. பிராடர்-வில்லி என்ற மரபணுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ வயிறு நிறைந்த உணர்வே வராது. அந்த வீட்டில் அடுக்களையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மாத்திரையைப் பற்றி யார் கேட்டார்கள்? துண்டைப் பற்றிப் பேசுங்கள். சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் தடுத்து நிறுத்தியவரும் இந்த அம்மாதான். அதை நான் மறக்கவில்லை.

பாளையங்கோட்டை அம்மா:
மறக்க வேண்டாம், அண்ணாச்சி. இந்தப் பிள்ளைகளைக் குட்டிக்கரணம் போடச் சொன்னீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். தண்டுவடம் நசுங்கிவிட்டால் யார் பொறுப்பு? இன்னொரு முறை சொன்னாலும் நிறுத்துவேன். இப்போது என் மகன் வாய்க்கால் ஓரமாக விளக்குக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே நடக்கிறான். இன்று மாலை பதினான்காவது கம்பத்தைத் தொட்டான். என் கையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. வீட்டில் அவனே பனங்கிழங்கை நார் உரித்துத் தின்கிறான். உரிக்கிற நேரத்தில் வேகமாக விழுங்குவதும் குறைகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பதினான்காவது கம்பத்தில் நின்றவனை இருபதாவதுவரை கொண்டுபோக ஒரு துண்டு போதும். என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பாளையங்கோட்டை அம்மா:
இருபதாவதையும் தொடுவான். துண்டு இல்லாமல்.