மூவி மேக்கரில் பாதியில் நின்ற கல்யாண வீடியோ

விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த வீடியோ எடிட்டிங் மென்பொருளான மூவி மேக்கரில் பாதி எடிட் செய்த புராஜெக்ட் யாரிடமாவது இருந்தால், அதை முடிக்க அந்தப் பழைய மெஷினே போதும். எங்கள் அக்கா கல்யாண வீடியோவைப் போன மாதம் அப்படித்தான் முடித்தேன். 2005இல் அண்ணன் தொடங்கி, வெளியூர் வேலைக்குப் போனதில் நின்றுபோனது. பெங்களூரு அல்சூர் வீட்டுப் பரணில் கம்ப்யூட்டர் பத்திரமாக இருந்தது. மதர்போர்டு பேட்டரியை மாற்றினேன், எஸ்.பி. ரோட்டில், கேமராவிலிருந்து வீடியோவை இறக்க உதவும் பழைய ஃபயர்வயர் கார்டும் கேபிளும் கிடைத்தன.

புராஜெக்டைத் திறந்ததும் பாதி கிளிப்புகளில் சிவப்பு எக்ஸ் குறி. பயப்பட வேண்டாம். புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது. எந்தக் கிளிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எங்கே வெட்டு, என்ன டிரான்சிஷன் என்ற குறிப்புகள்தான் இருக்கும். ரைட் கிளிக் செய்து வீடியோ இருக்கும் இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும். புராஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் வைத்திருப்பவர்கள் முதலில் கேசட்டைத் தேடுங்கள்.

எங்களுக்கும் சில காட்சிகள் அழிந்திருந்தன. கேமராவின் மினிடிவி (MiniDV) கேசட் இருந்ததால் கேமராவிலிருந்து மறுபடி இறக்கினேன். இறக்கும்போது டிவி-ஏவிஐ (DV-AVI) என்ற கோப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும், ஆனால் கேசட்டில் உள்ளது அப்படியே வரும். ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் வேண்டாம். ஒரு கோப்புக்கு 4 ஜிபி என்ற வரம்பால் இருபது நிமிடத்துக்குள் நின்றுவிடும்.

படத்துக்கு ஒரே வரிசை, எழுத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. அவ்வளவுதான் இதில். ஆனால் வீடியோ கிளிப்பை இழுத்து இசை வரிசையில் விட்டால் சத்தம் மட்டும் இறங்கும்! தாலி கட்டும்போது வாசித்த கெட்டிமேளத்தை அப்படி இறக்கி, மேலே அட்சதை போடும் கைகள், பாட்டியின் முகம், அக்காவின் முகம் என்று கோர்த்தேன். புதிய மென்பொருளிலும் அந்த இடம் இதைவிட நன்றாக வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

முடித்துச் சேமிக்கும்போதும் வீடியோவை அதிகம் சுருக்கும் டபிள்யூஎம்வி (WMV) வேண்டாம், டிவி-ஏவிஐதான். அப்புறம் புதிய லேப்டாப்பில் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் கொண்டு இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதியும் முறை) நீக்கி, நொடிக்கு 50 ஃப்ரேமாக எம்பி4 ஆக்குங்கள். ஆட்கள் நகரும்போது ஓரங்களில் தெரியும் சீப்புப் பல் கோடுகள் போய்விடும்.

*

அண்ணா, மர்ஃபி டவுனிலிருந்து எழுதுகிறேன். சத்தத்தை மட்டும் இறக்கும் வழி எனக்குப் புதிது, நன்றி. புது மெஷினில் மூவி மேக்கரைத் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அதே வருடம் அந்தப் பெயரில் போலி ஒன்று பரவி, பணம் கட்டச் சொல்லிக் கேட்டது. எங்கள் மாமா கார்டு நம்பர் போடும் நேரத்தில் தடுத்தேன்.

*

நல்ல வேளை தம்பி. எக்ஸ்பி மெஷினையும் நெட்டில் இணைக்கவே வேண்டாம். அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. முடித்த படத்தை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வாருங்கள்.