ஆர்டுவார்க்: ‘எறும்புத்தின்னி’ வேண்டாம், ‘குழிப்பன்றி’ ஆகுமா?

> எறும்புத்தின்னி என்றே வைத்துவிடலாமே ஐயா. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

ஆர்டுவார்க் என்ற ஆப்பிரிக்க விலங்குக்குத் தமிழ்ப்பெயராக ‘எறும்புத்தின்னி’ போதும் என்கிறீர்கள். புரியும், ஆனால் வேறு விலங்காகப் புரியும். நம் பக்கம் எறும்புத்தின்னி என்றால் அழுங்குதான். உடம்பெல்லாம் செதில், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தென்னமெரிக்காவில் புசுபுசுவென்ற வாலோடு திரிகிற விலங்கையும் அதே பெயரில்தான் எழுதுகிறோம். மூன்றாவதாக ஆர்டுவார்க்கையும் அதில் ஏற்ற வேண்டாம். அந்த இரண்டுக்கும் பல்லே கிடையாது. ஆப்பிரிக்காவின் ஆர்டுவார்க்குக்குக் கடைவாய்ப் பற்கள் உண்டு. ஒவ்வொன்றும் மெல்லிய குழல்களைக் கட்டாகக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். அதை வைத்து ‘குழற்பல்லி’ என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவருக்குச் சுவர்ப்பல்லிதான் நினைவு வரும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

மூலப்பெயருக்கு, தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘மண் பன்றி’ என்று பொருள். இங்கே ஒரு நண்பர் ‘நிலப்பன்றி’ என்றார். சொல் சரி, ஆனால் பன்றி எல்லாமே நிலத்தில்தானே வாழ்கிறது? அங்கே மண் என்பது தோண்டுகிற மண். இரவெல்லாம் கறையான் புற்றை உடைத்துத் தின்றுவிட்டு, பகலில் தானே பறித்த குழிக்குள் தூங்குகிற விலங்கு இது. அது விட்டுப்போன குழியில், முகத்தில் மரு வைத்த ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி குடிபுகுந்துவிடும். அதனால்தான் ‘குழிப்பன்றி’ என்கிறேன். ‘குழிமுயல்’ நமக்கு ஏற்கெனவே பழகிய சொல்.

“பன்றி இனமே இல்லையே” என்று கேட்டிருந்தீர்கள். உண்மை, இதற்கு உறவு யானையும் கடற்பசுவும். ஆனால் முள்ளம்பன்றி எலிக்கு உறவு. கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை. தமிழில் பெயர் வைத்தவர்கள் தோற்றத்தையும் பழக்கத்தையும் பார்த்தார்கள். நீண்ட மூஞ்சி, தடித்த உடம்பு, 60 கிலோவைத் தாண்டவும் கூடிய எடை. இதைப் பார்த்திருந்தால் அவர்களும் பன்றி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கூட்டுச்சொல்லிலும் வைத்துப் பார்த்தேன். தெற்கு ஆப்பிரிக்காவில் ஒரு வெள்ளரி மண்ணுக்கடியில் காய்க்கிறது. ஆர்டுவார்க் நீருக்காக அதைத் தோண்டித் தின்று, விதையைத் தன் எச்சத்தோடு புதைத்துப் பரப்புகிறது. அதைக் ‘குழிப்பன்றி வெள்ளரி’ என்று எழுதினால் தடங்கலில்லாமல் வாயில் வருகிறது.

சிக்கல், இதே மாதிரிப் பெயருள்ள ஆர்டுவுல்ஃப் என்ற இன்னொரு ஆப்பிரிக்க விலங்கில்தான். நேர்ப்பொருள் மண் ஓநாய், ஆனால் கறையான் தின்னும் கழுதைப்புலி இனம் அது. ‘கறையான் கழுதைப்புலி’ நீளம் என்றாலும் இப்போதைக்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்