வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: மீணீரேற்றியா, கரை மோட்டாரா?

காரைக்குடி, திங்கள் காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மதியம் அச்சுக்குப் போகணும். ஏழாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

அமைப்பு இதுதான். மேலே பெரிய தொட்டி. அதற்குக் கீழே மரப்பெட்டிக்குள் சின்னத் தொட்டி. வடிகட்டி, நுரை எடுக்கும் கருவி எல்லாம் அதில். மேலே நிறைந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். இறங்கியதை மறுபடி மேலே தள்ளுவது ஒரு பம்பு. அதைத் தண்ணீருக்குள் முக்கியும் வைக்கலாம், தொட்டிக்கு வெளியே தரையிலும் வைக்கலாம். அத்தியாயம் முழுக்க வெளியே வைக்கிற பம்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான். 41 இடத்தில் வருகிறது. 'தொட்டிக்கு வெளியே வைத்து நீரைத் திருப்பி மேலேற்றும் பம்பு' என்று 41 தடவை எழுதினால் படிக்கிறவர் தொட்டியைப் போட்டு உடைத்துவிடுவார்.

ஒரே சொல் போதும். வாங்குகிறவருக்கும் புரியணும், குழாய் மாட்ட வருகிறவருக்கும் புரியணும்.


மகிபாலன்பட்டி, திங்கள் 11.40

தம்பிக்கு. ஒரே மடலில் எத்தனை பம்பு! எக்கி என்ற சொல் இருக்கிறதே. வயிற்றை எக்குகிறோம், பரண்மேல் எட்டாத பாத்திரத்தை எக்கி எடுக்கிறோம். உள்ளிழுத்தல், மேலெழுதல் இரண்டும் அந்த ஒரு வினைக்குள் உண்டு. நெய்தல் பாட்டில் வரும் எக்கரை நினைத்துப் பாருங்கள், அலை தள்ளித் தள்ளிக் குவித்த மணல்மேடு. கடல்நீர்த் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேரை எங்கே போய்த் தோண்டுவது?

இனி, நீர் மீள்கிறது; மீள்நீர். அதை ஏற்றுவது ஏற்றி. வாள் + நுதல் வாணுதல் ஆவதுபோல மீள் + நீர் மீணீர். ஆக மீணீரேற்றி. வெளியே இருப்பதால் புறமீணீரேற்றி. எக்கியே வேண்டுமென்றால் புறமீளெக்கி. புறம் என்பதன் மவ்வீறு ஒற்றழிந்து நிற்கும், குழப்பமில்லை.

வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' ஆக்கிய பண்டிதமணி கதிரேசனார் பிறந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன். ஒரு பம்புக்கா நமக்குப் பஞ்சம்?


பள்ளத்தூர், திங்கள் 12.05

ஐயா, மீணீரேற்றின்னு ஒரு தடவை சத்தமாச் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில இருந்த பொண்ணு 'மீனுக்கா ஆச்சி?'ன்னு எட்டிப் பாக்குறா. மூணு சுழியும் ரெண்டு சுழியும் தாளிலதான் வேற வேற. மீன்தொட்டிப் பக்கத்துல நின்னுக்கிட்டு மீணீர்ன்னா, மீன் குடிக்கிற நீர்ன்னுதான் யாருக்கும் தோணும்.


மகிபாலன்பட்டி, திங்கள் 12.30

மீன் + நீர் மீனீர், ஆச்சி. இது மீணீர். நாக்கு மடங்குகிற இடமே வேறு.


கோட்டையூர், திங்கள் மாலை 4.15

மீள் என்பது தன்வினை. தண்ணீர் தானாக மீளவில்லை, பம்புதான் மீட்கிறது. அப்படியானால் மீட்பி, அல்லது மீட்டி. மீட்டி என்றால் வீணை ஞாபகம் வருகிறது, விட்டுவிடலாம். 'மீட்புப் பம்பு' எப்படி? இல்லாவிட்டால் 'திருப்புப் பம்பு'.


பள்ளத்தூர், திங்கள் 4.40

நம்ம பக்கம் நகையைத்தான் மீட்பாக, நகையைத்தான் திருப்புவாக. ரெண்டுமே அடகுக்கடைச் சொல்லு. வட்டி எவ்வளவுன்னு கேப்பாக.


கோலாலம்பூர், திங்கள் இரவு 10.20

ஏன் இவ்வளவு சிரமம்? பம்பு தமிழ்ச்சொல்தானே! பம்புதல் என்றால் செறிதல், நிறைதல், பொங்குதல். பம்பை ஆறு, பம்பை மேளம் எல்லாம் அதே வேர். வெள்ளைக்காரன்தான் நம்மிடம் எடுத்துக்கொண்டான் என்று நான் 20 வருஷமாகச் சொல்லிவருகிறேன். தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டிய ஊர்க்காரர்கள் இதற்குப் போய்த் தயங்கலாமா?


மகிபாலன்பட்டி, செவ்வாய் காலை 6.05

பம்புதலுக்குச் செறிதல் பொருள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நீரேற்றும் பொருள் எங்கும் இல்லை. ஓசை ஒத்துப்போவதற்கெல்லாம் உறவு கொண்டாடினால் கடைசியில் எதுவும் மிஞ்சாது. நான் தூய்மை பேசுகிறவன்தான். அதற்காகப் பொய்ச்சான்றைத் துணைக்கு அழைக்கமாட்டேன்.


தேவகோட்டை, செவ்வாய் 8.50

பொறியாளன் என்கிற முறையில் குறுக்கே வருகிறேன். பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்குப் போவோம்.

ஐயா மன்னிக்கணும், இந்தப் பம்பு எக்காது. வெளியே வைக்கிற மீன்தொட்டிப் பம்புகளில் பெரும்பாலானவை தாமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்துக்கும் கீழே வைக்கச் சொல்கிறார்கள். தொட்டியின் பக்கச்சுவரில் துளைபோட்டு, தண்ணீர் தன் கனத்தாலேயே பம்புக்குள் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் மேலே வைத்தால் ஏர் பிடித்துக்கொள்ளும், வெறுமனே சுற்றும், சீல் போய்விடும். வயிற்றை எக்குகிற வேலையே இதற்குக் கிடையாது. வருவதை வாங்கித் தள்ளுவது மட்டும்தான். எக்கியில் பாதிப் பொருள் அடிபடுகிறது.

'ஏற்றி' சரி. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே ஏற்றம்தான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 340 லிட்டர். மணிக்கு ஐந்து சுற்று வேண்டுமென்றால் 1,700 லிட்டர். பெட்டியில் 2,000 என்று போட்டிருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அது உயரமே இல்லாமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றி மூன்று எல்போவில் திருப்பினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை எந்த உயரத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் அந்தப் பம்பின் வளைகோட்டைப் பார்த்துத்தான் சொல்லணும். ஓட்டத்தைக் குறைக்கணுமா, வெளியேறும் பக்க வால்வைத் திருகுங்கள். உள்வரும் பக்கத்தைத் திருகினால் பம்பு பட்டினி கிடந்து கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

'வெளி'யும் சொல்லில் இருந்தே ஆகணும். முக்கிவைக்கிற பம்பு 80 வாட் தின்றால் 80 வாட்டும் சூடாகத் தண்ணீரில்தான் இறங்கும். தொட்டி 25, 26 டிகிரியில் நிற்க வேண்டியது. நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கு மேல் சூடு தாங்காது. வெளியே வைத்தால் மோட்டார்ச் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போகும். வெளியே வைப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று. பம்பு வெளியேதானே என்று கிணற்றுக்குப் போடுகிற மோனோபிளாக்கைக் கொண்டுவந்து மாட்டிவிடாதீர்கள். இரும்பு உடம்பு, பித்தளைச் சக்கரம். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். பித்தளையிலிருந்து கரைகிற செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். தண்ணீர் தொடும் இடமெல்லாம் பிளாஸ்டிக்கும் பீங்கானும்தான். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து உருவாகி 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், இருக்கிற உன் ஊரில் துருவைப் பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.


காரைக்குடி, செவ்வாய் 9.30

நன்றி அண்ணே. அத்தியாயத்தில் இரண்டு பிழை திருத்திக்கொண்டேன். ஆனால் சொல்?

கூடவே இன்னொரு சந்தேகம். மேல்தொட்டியில் நிறைந்த தண்ணீர் வழிந்து இறங்குகிற அந்தத் தடுப்புப் பெட்டிக்கு என்ன சொல்லலாம்?


பள்ளத்தூர், செவ்வாய் 9.34

கலிங்கு.


கோட்டையூர், செவ்வாய் 9.36

கலிங்கு! இதற்கு ஓட்டே வேண்டாம்.


மகிபாலன்பட்டி, செவ்வாய் 9.50

அருமை, ஆச்சி. கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வழியும் இடம். கலுங்கு என்றும் வழங்கும். சங்கப் பாட்டில் கலிங்கம் ஆடையைக் குறிக்கும். மடிப்பு மடிப்பாக விழுகிற புனலுக்கும் மடித்த துகிலுக்கும் உள்ள ஒப்புமையை எண்ணும்போது...


காரைக்குடி, செவ்வாய் 9.58

ஐயா, வெள்ளிக்கிழமை.


கோட்டையூர், செவ்வாய் 10.15

அப்படியே கீழ்த்தொட்டியை ஊருணி ஆக்கிவிடலாமே? கலிங்கில் வழிந்தது ஊருணிக்கு வருகிறது.


மகிபாலன்பட்டி, செவ்வாய் 10.40

ஊர் உண்ணும் நீர்தான் ஊருணி. லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்ட தண்ணீரை எந்த ஊர் உண்ணும்? வள்ளுவர் மன்னிக்கமாட்டார்.


தேவகோட்டை, செவ்வாய் 10.45

அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு: சம்ப். எல்லார் வீட்டு வாசல்லயும் இருக்கு. விடுங்க.


பள்ளத்தூர், புதன் காலை 7.20

ராத்திரி பூரா யோசிச்சேன், கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன்.

எங்க வீட்டுப் பட்டாலையில இந்த மாதிரித் தொட்டி ஒண்ணு இருக்கு. மகன் ஆசையா வச்சான். வச்ச எட்டாம் மாசம் சிங்கப்பூருக்குப் போயிட்டான். இப்ப மீனும் நானும்தான். கோமாளி மீனு ரெண்டு, இறாலு ஒண்ணு.

போன ஐப்பசியில ஒரு ராத்திரி கரண்டு போச்சு. நான் படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல கால்ல ஈரம். டார்ச் அடிச்சுப் பாத்தா ஆத்தங்குடிக் கல்லு மேல தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கிது, பெட்டிக்கு அடியிலேருந்து வந்துக்கிட்டே இருக்கு. மகனுக்குப் போன் போட்டேன். 'ஆத்தா, ரிட்டர்ன் பம்புக்கு மேல ஒரு வால்வு இருக்கு, அதை மூடுங்க'ங்குறான். எனக்குப் பம்புன்னா தெருவுல இருக்கிற அடிபம்பு, இல்லாட்டி சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது. தண்ணி ஏத்துறதுக்கு மோட்டார்ன்னுதானே பேரு? அவன் பம்பு பம்புங்குறான், நான் எது எதுங்குறேன். கடைசியில 'அந்தக் கறுப்பு டப்பா'ன்னான், அப்பத்தான் புரிஞ்சுது. மூடினேன். நின்னுருச்சு.

மேலே தண்ணி விடுற குழாயோட வாய் நீர்மட்டத்துக்கு அரையடி கீழ முங்கிக் கிடந்துச்சாம். மோட்டார் நின்னதும் அதே குழா தண்ணியத் திருப்பி உறிஞ்சி இறக்கிருச்சு. வாய் வெளிய தெரிஞ்சு காத்து நுழையிற வரைக்கும் நிக்காதாம். நாலடிக்கு ஒன்றரை அடியில அரையடின்னா மூணு கன அடி, 85 லிட்டர்ன்னு மகன் அப்புறம் கணக்குச் சொன்னான். கீழ்த்தொட்டியில 40 லிட்டருக்குத்தான் இடம். மிச்சம் பூரா எங்க தரையில. மறுநாள் கல்லு இடுக்குல எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து நிக்கிது. சிவப்புப் பூவுல இன்னும் அந்தத் தழும்பு போகலை.

குழாய் மாட்டுற தம்பி வந்து, நீர்மட்டத்துக்கு ஒட்டினாப்புல அந்தக் குழாயில ஊசித் துளை ஒண்ணு போட்டு விட்டுச்சு. இப்ப கரண்டு போனா ரெண்டு விரக்கடை இறங்கினதும் துளை வழியாக் காத்துப் புகுந்து நின்னுக்கிது. நான் பல்குச்சியால வாரம் ஒருதடவை துளையைக் குத்தி விட்டுருவேன், பாசி அடைச்சுக்காம.

அந்தத் தம்பி வந்ததும் கேட்ட முதக் கேள்வி: 'ஆச்சி, உங்களுது முங்கு மோட்டாரா, கரை மோட்டாரா?' நான் யாரும் சொல்லித் தராமயே 'கரை மோட்டார்'ன்னேன். கிணத்துக்குள்ள எறக்குனா முங்கு மோட்டார், கரையில வச்சா கரை மோட்டார். இதுக்கு மேல என்னய்யா வேணும்?


கோட்டையூர், புதன் 8.10

கரை மோட்டார். என் ஓட்டு.


கோலாலம்பூர், புதன் 8.15

மோட்டாருக்குப் பதில் கரைப்பம்பு என்றால் முழுத்தமிழ் ஆகிவிடும். (சரி, சரி. கரை மோட்டாருக்கே என் ஓட்டும்.)


தேவகோட்டை, புதன் 9.00

சொல் நல்ல சொல்தான். ஒரு ஓட்டை இருக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் கருவிக்கென்று வெளியே இன்னொரு பம்பு வைக்கிறவர்கள் உண்டு. அதுவும் கரையில்தான் இருக்கும். மேலே திருப்பி அனுப்புவது எது என்று தெரியணுமே. வரத்து மோட்டார் என்றால்? ஊருணிக்கு வரத்துக்கால் இருக்கிற மாதிரி, தொட்டிக்கு இது வரத்து.


மகிபாலன்பட்டி, புதன் 9.45

வரத்து என்பது வருவது, மீள்வது அல்ல. புதுநீர் வந்தாலும் வரத்துதான். மீட்சிப்பொருள் எங்கே?


பள்ளத்தூர், புதன் 9.55

கொடுத்த கடன் திரும்பி வந்தாலும் வரவுலதானே எழுதுறோம் ஐயா.


மகிபாலன்பட்டி, புதன் 10.10

கணக்குப்பிள்ளை இலக்கணம் வேறு, நன்னூல் வேறு.


காரைக்குடி, வெள்ளி காலை 11.50

அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'கரை வரத்து மோட்டார்', உள்ளே 41 இடத்திலும் 'வரத்து மோட்டார்'. முக்கிவைப்பது 'முங்கு மோட்டார்'. கலிங்கு கலிங்கேதான். முதல் பத்தியில் ஒரு தடவை, மேற்கோள் குறிக்குள், ஐயாவின் 'புறமீளெக்கி'யையும் சேர்த்திருக்கிறேன். ஊசித் துளையைப் பற்றி மூலத்தில் ஒரே வரிதான் இருந்தது. ஆச்சி சொன்னதைக் கேட்டபிறகு கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன், பல்குச்சி உட்பட.


தேவகோட்டை, வெள்ளி 12.20

அடுத்த பதிப்பில் 'ஏற்றம்' எத்தனை மீட்டர் என்கிற அட்டவணையில், ஆங்கில 'ஹெட்'டை அப்படியே பெயர்த்து 'தலை' என்று இருப்பதை மாற்றிவிடு தம்பி. அது தலை இல்லை, உயரம்.


மகிபாலன்பட்டி, வெள்ளி 12.45

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. எக்காத கருவிக்கு எக்கி பொருந்தாது என்று தேவகோட்டையார் சொன்னதை நேற்று இரவுதான் ஏற்றுக்கொண்டேன். ஆகவே புறமீளெக்கியை நீக்கிப் புறமீணீரேற்றி என்று போட்டிருக்க வேண்டும். எப்படியும் அதை மேற்கோள் குறிக்குள் முகப்புத் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட்டீர்கள். வளவுக்குள் வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. மெய்ப்புப் பார்க்க இன்னும் நேரமிருந்தால் மாற்றுங்கள். மூணு சுழி ண.