காசு குடுத்து வாங்குன மின்நூல் யாருக்குச் சொந்தம்?

ஏட்டுப்பூச்சி:
முழு விலையும் கட்டுறோம், ஆனா கைக்கு வர்றது படிச்சுக்கோன்னு ஒரு லைசென்ஸ் மட்டும்தான். 2009 ஜூலைல ஆர்வெல்லோட 1984, விலங்குப் பண்ணை ரெண்டையும் வாங்குனவங்களோட கிண்டில்ங்கிற மின்நூல் கருவிலேர்ந்தே அமேசான் அழிச்சுது. கடையில ஏத்துன ஆளுக்கு உரிமை இல்லையாம். அது கடைக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு, என் கையில இருக்கிற புத்தகத்த எப்டி எடுப்பாங்க? ஒரு பள்ளி மாணவன் படிப்புக்காக எழுதி வெச்ச குறிப்பெல்லாம் வீணாப் போயி கேஸே போட்டான்.

பேனாக்காரி:
பணத்த திருப்பிக் குடுத்தாங்க, அமேசான ஆரம்பிச்ச பெசோஸ் மன்னிப்பும் கேட்டார், அதையும் சேத்து சொல்லுங்க நண்பரே. நான் எழுதிப் பொழைக்கிறவ. அச்சுப் புத்தகத்த இரவல் குடுத்தா உங்ககிட்ட இருக்காது, ஃபைல ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் உங்ககிட்டயும் இருக்கும், பழசாகவும் ஆகாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பர்ல டாம் கபினெட்ங்கிற பழைய மின்நூல் விக்கிற தளத்தோட வழக்குல இதத்தான் பாத்துச்சு, படிச்ச மின்நூல விக்கவும் உரிமையாளர் சம்மதம் வேணும்னு தீர்ப்பு.

ஏட்டுப்பூச்சி:
சரிக்கா, ஆனா காப்பி எடுக்க முடியாம ஃபைல்ல போடுற டிஜிட்டல் பூட்டு (டிஆர்எம்) யார தடுக்குது? உடைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் ஒரு தடவ உடைச்சா போதும், அப்புறம் திருட்டுக் காப்பி எறக்குற அத்தன பேருக்கும் பூட்டே கெடையாது, காசு குடுத்தவன் மட்டும் மாட்டிக்கிட்டு முழிக்கிறான். டோர் புக்ஸ்ங்கிற பதிப்பகம் 2012ல பூட்ட எடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு திருட்டு கூடின மாதிரி தெரியலன்னு அவங்களே சொன்னாங்க. மைக்ரோசாஃப்ட் மின்நூல் கடைய மூடினப்ப 2019 ஜூலையோட வாங்குன புத்தகம் எதுவும் தெறக்கல. காசு திரும்ப வந்துச்சு, குறிப்பு எழுதினவங்களுக்கு 25 டாலர் கூடவே குடுத்தாங்க, ஆனா நான் கேக்குறது புத்தகத்த!

செவிவழி:
எனக்குக் கண் தெரியாது. எழுத்த வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்லதான் படிக்கிறேன், பூட்டு போட்ட சில புத்தகத்துல அது வேலையே செய்யாது, காசு கட்டின பிறகுதான் அது தெரியவரும். அமெரிக்காவுல 1998 டிஎம்சிஏங்கிற பதிப்புரிமைச் சட்டப்படி பூட்ட உடைக்கிறதே குத்தம், எங்களுக்கான விலக்க மூணு வருஷத்துக்கு ஒருதரம் திரும்பத் திரும்ப கேட்டு வாங்கணும். படிக்கிறதுக்கு எதுக்குங்க நான் அனுமதி கேக்கணும்?

பேனாக்காரி:
உங்க விஷயத்துல பூட்டு இருக்கவே கூடாதுங்க, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. மத்தவங்களுக்கு, இது லைசென்ஸ்தான்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெளிவா சொல்லிடணும், கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரிலேர்ந்து அப்டி சொல்லாம வித்தா தப்பு.

ஏட்டுப்பூச்சி:
சொல்லிட்டா சரியாப் போச்சா? இரவல்னா இரவல் வெல வைங்க. இல்ல, கடைய மூடுறப்ப பூட்டில்லாத ஃபைல கையில குடுத்துட்டுப் போகணும்னு சட்டம் போடுங்க.

பேனாக்காரி:
கடை மூடுறப்ப தெறந்து குடுக்கணும்ங்கிறதுக்கு நானே மொதல் ஆளா கையெழுத்துப் போடுறேன். மறுவிற்பனைக்கு மட்டும் கேக்காதீங்க, போட மாட்டேன்.