மைக் வாங்கியும் இரைச்சல் போகவில்லை, குரலும் திரையும் சேரவில்லை

கோலிவாடா டீச்சர்:
வணக்கம். பதினொரு வருடம் ஒரு கோச்சிங் வகுப்பில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் கற்றுக்கொடுத்தேன். இப்போது ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனத்துக்குத் தமிழில் பாடங்கள் பதிவு செய்து கொடுக்கிறேன். ஒரு பாடம் 8 நிமிடம். போன வாரம் அனுப்பிய ஆறில் நான்கு திரும்பி வந்துவிட்டன. காரணம் இரண்டே வரி: பின்னணியில் இரைச்சல், குரலும் திரையும் சேரவில்லை.

மும்பை சயான் கோலிவாடாவில் ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஹார்பர் லைன் ரயில் பாதை. முதலில் இயர்போன் மைக்கில் பேசினேன், அது தாலிச் சங்கிலியில் உரசிக்கொண்டே இருந்தது. லேமிங்டன் ரோடு போய் 3,200 ரூபாய்க்கு யுஎஸ்பி கண்டென்சர் மைக் வாங்கி வந்தேன். அது இன்னும் மோசம், கீழ்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்று எண்ணிவிடலாம்.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் திரையும் குரலும் ஒன்றாகத்தான் எடுக்கிறேன். வாய் தடுக்கினால் டேலியில் போட்ட வவுச்சரை, அதாவது கணக்குப் பதிவை, அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. ஒரு பாடத்துக்கு ஒரு நாள் போகிறது. ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. யாராவது வழி சொல்லுங்கள்.

காட்கோபர்காரன்:
அக்கா, உங்களுக்கு ரயில்தான், எங்களுக்கு விமானமே மொட்டை மாடிக்கு மேல் இறங்குகிறது. நான் ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல்தான் பேசுவேன், மின்விசிறியை நிறுத்திவிட்டு. அப்போதும் போன மாதம் ஒரு பாடம் முழுக்கப் பல்லி சத்தம். எல்லாம் சகுனம்தான்.

செம்பூர் செவியன்:
ராத்திரி விழித்துப் பேசினால் குரலே தூங்கி வழியும், அந்த யோசனை வேண்டாம் டீச்சர்.

மைக் மேல் குற்றம் இல்லை. கண்டென்சர் எல்லாவற்றையும் கேட்கும், அதன் சுபாவம் அது. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துவிட்டு, வாயை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் 'ப' வெடிக்காது. உங்களுடையது முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை என்றால் பின்பக்கம் அதற்குக் காது மந்தம். அந்த முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். இரும்பு பீரோ பக்கத்தில் உட்காராதீர்கள், அது கூடவே பாடும். உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்றால் பீரோ கதவைத் திறந்து வையுங்கள், புடவை அடுக்கு எதிரொலியைக் குடித்துவிடும். வளையலையும் கழற்றிவிடுங்கள்.

பேசுவதற்கு முன் இரண்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த வெற்று இடத்தை மாதிரியாகக் காட்டித்தான் இரைச்சலைக் குறைக்க வேண்டும். 6 முதல் 9 டெசிபெல் போதும். பேராசைப்பட்டு 20 வைத்தால் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ரயில் சத்தம் இதற்கெல்லாம் அடங்காது. ரயில் வந்தால் நிறுத்துங்கள், போனதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வாய் தடுக்கினால் ஒரு தடவை கைதட்டிவிட்டுத் தொடருங்கள், வெட்டும்போது அலைவரைபடத்தில் அந்த இடம் ஆணி மாதிரி நிற்கும்.

இப்போது முக்கியமானது. குரலையும் திரையையும் ஒன்றாக எடுக்காதீர்கள். நம் பவாய் ஐஐடியின் ஸ்போக்கன் டியூடோரியல் என்ற மென்பொருள் பயிற்சி வீடியோ பாடங்களுக்கு இரண்டு பத்தியாக ஸ்கிரிப்ட் எழுதுவார்கள், ஒன்றில் திரையில் நடப்பது, மற்றதில் பேசுவது. அப்படி எழுதிக்கொண்டு குரலை முதலில் முடியுங்கள். பிறகு அதைக் காதில் கேட்டுக்கொண்டே டேலியை ஓட்டுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது வினைச்சொல். ஆங்கிலத்தில் பாடம் எடுப்பவர் 'அழுத்து' என்பதை வாக்கியத்தின் தலையிலேயே சொல்லிவிடுகிறார். நமக்கு அது வாலில் வருகிறது. "விற்பனை வவுச்சரைத் திறக்க எஃப்8 அழுத்துங்கள்" என்கிறீர்கள். பழக்கத்தில் உங்கள் விரல் 'விற்பனை'யிலேயே எஃப்8-ஐத் தட்டிவிடும், நீங்கள் 'அழுத்துங்கள்' என்று சொல்லும்போது திரை மாறி இரண்டு விநாடி ஆகியிருக்கும். சேரவில்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 'துங்கள்' காதில் விழுந்த பிறகு விரலை இறக்குங்கள். டேலியில் மவுஸ் வேலை குறைவு, விசையைத் தட்டுவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு விசையைக்கூடச் சொல்லாமல் தாண்டாதீர்கள், கடைசியில் சேமிக்கும் கன்ட்ரோல்-ஏ உட்பட.

அப்புறம், ஓபிஎஸ்ஸில் வீடியோ கோப்பை எம்கேவி வடிவில் பதியுங்கள். நடுவில் கணினி நின்றுபோனால் சாதாரண எம்பி4 வடிவில் எடுத்தது மொத்தமும் போய்விடும், எம்கேவியில் அதுவரை எடுத்தது இருக்கும். பிறகு அங்கேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

தாராவி டிசைனர்:
எனக்கு ஒப்பவில்லை. குரலை முதலில் எடுத்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. நான் ஃபோட்டோஷாப் சொல்லித்தருகிறேன், பிரஷ் எவ்வளவு நேரம் போகும் என்று எனக்கே முன்னால் தெரியாது. திரையை எடுத்துவிட்டு அதைப் பார்த்துப் பேசுவேன்.

செம்பூர் செவியன்:
வரைகிற வேலைக்கு அதுதான் சரி. டேலியில் அடுத்து என்ன திரை வரும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம், அதனால்தான் டீச்சருக்கு அப்படிச் சொன்னேன்.

கோலிவாடா டீச்சர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். நான்கையும் மறுபடி எடுத்து அனுப்பினேன், மூன்று ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ஒரு நாளில் இரண்டு பாடம் முடிகிறது. 'துங்கள்' விஷயம் பழக மூன்று நாள் ஆனது. விரல் கேட்கவே மாட்டேன் என்றது, கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பழைய பாடங்களைப் போட்டுப் பார்த்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது, வாய் ஓரிடம் கை ஓரிடம்.

நான்காவது பாடத்தில் ஆறாம் நிமிடத்தில் ஒரு விசில் இருக்கிறதாம். அது கீழ்வீடு இல்லை, எங்கள் வீட்டுக் குக்கர்தான். இனிமேல் பருப்பு வெந்த பிறகு எடு என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.